‘விடுதலை ஆயிட்டான்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தைச் சுற்றி ஜெராக்ஸ் கடைகளும் டைப்பிங் கடைகளும் நிறைய உண்டு. அப்படி ஒரு கடையில் உட்கார்ந்து தமிழ் ஆவணங்களை ஆங்கிலமாக்கித் தருவதுதான் இருபது வருஷத்துக்கும் மேலாக என் பிழைப்பு. பிறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிரயப் பத்திரம், அப்புறம் குற்ற வழக்குத் தீர்ப்புகள்.

ஆரம்ப நாட்களில் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். திருவிழாவில் நடந்த அடிதடியில் பையன் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். பதினோரு நாள் தொரப்பாடி ஜெயில், பிறகு ஜாமீன், அதற்கப்புறம் நாலு வருஷம் வாய்தா. கடைசியில் தீர்ப்பு வந்துவிட்டது. ‘எம் புள்ள விடுதலை ஆயிட்டான் சார், இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க, துபாய் வேலைக்குக் கேக்கறாங்க’ என்றார். நானும் ‘ஹி வாஸ் ரிலீஸ்டு பை த கோர்ட்’ என்று அடித்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வேலை தருவதாகச் சொன்ன நிறுவனத்திடமிருந்து ஒரு கேள்வி வந்தது: எந்தக் குற்றத்துக்காக, எவ்வளவு காலம் தண்டனை அனுபவித்தார்?

ஒரு நாள்கூடத் தண்டனை பெறாத பையன் அவன். நான் போட்ட ஒரு சொல், அவனைத் தண்டனை முடிந்து வெளியே வந்தவனாகக் காட்டிவிட்டது. ஓடிப்போய்த் திருத்திக் கொடுத்தேன். அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்விட்டார். அந்தக் கவலை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். வழக்கிலிருந்து வெளியே வந்தவர்கள், அவர்களுக்காக விண்ணப்பம் எழுதும் அண்ணன் தம்பிகள், ஆங்கிலத்தில் செய்தி எழுதும் பிள்ளைகள் எல்லாருக்கும் இது உதவும்.

படி 1: கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்

ஊரில் சொல்வதை வைத்து எழுத வேண்டாம், வக்கீல் போனில் சொன்னதை வைத்தும் வேண்டாம். நீதிமன்ற முத்திரை போட்ட சான்றிட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசிப் பத்திதான் நமக்கு முக்கியம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத் தீர்ப்பு என்றால் பெரும்பாலும் இப்படி முடியும்: ‘எதிரி குற்றவாளி இல்லை எனத் தீர்மானித்து, குற்ற விசாரணை முறைச் சட்டம் பிரிவு 248(1)ன் கீழ் விடுதலை செய்து தீர்ப்பளிக்கப்படுகிறது.’

இந்த ஒரு வரியிலேயே மூன்று இடத்தில் கால் இடறும். முதலாவது ‘எதிரி’. நம் நீதிமன்றத் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். அதைப் பகைவன் என்று எடுத்துக்கொண்டு ‘எனிமி’ என்று எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘முதல் எதிரி’ என்பது ‘ஃபர்ஸ்ட் அக்யூஸ்ட்’. இரண்டாவது ‘குற்றவாளி இல்லை’. இது ‘நாட் கில்ட்டி’, ‘இன்னொசென்ட்’ அல்ல. ஏன் என்று படி 4ல் சொல்கிறேன். மூன்றாவது ‘விடுதலை’. இந்த இடத்தில் அது ‘அக்விட்டட்’.

பிரிவு எண்ணையும் பாருங்கள், சொல் குழப்பினாலும் எண் வழி காட்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டதால் எண்கள் மாறியிருக்கின்றன. மாஜிஸ்திரேட் முன் நடக்கும் வாரண்ட் வழக்கில் (இரண்டு வருஷத்துக்கு மேல் தண்டனை வரக்கூடிய குற்ற வழக்கில்) விடுதலைக்குப் பழைய எண் 248, புதியது 271. கொலை போன்ற பெரிய குற்றங்களுக்கான செஷன்ஸ் வழக்கில் பழையது 232 அல்லது 235, புதியது 255 அல்லது 258. பழைய 227, 239 இருந்தாலோ புதிய 250, 262 இருந்தாலோ அது வேறு வகை. அது ‘டிஸ்சார்ஜ்’, அதைப் படி 2ல் விளக்குகிறேன். தீர்ப்பில் எந்த எண் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். பழைய தீர்ப்புக்குப் புதிய எண்ணை நீங்களாக மாற்றிப் போடக் கூடாது.

பழைய வழக்காக இருந்தால் ஊர்ப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். 1989க்கு முந்தைய ஆவணத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 2019க்குச் சற்று முந்தையதில் ஆம்பூர், வாணியம்பாடி, அரக்கோணம் எல்லாம் வேலூர் மாவட்டமாக இருக்கும். அந்த ஊர்கள் இன்று திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் இருந்தாலும், மொழிபெயர்ப்பில் ஆவணத்தில் இருக்கும் பெயர்தான் வர வேண்டும்.

படி 2: எந்த விடுதலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் விடுதலை என்பது பெரிய சொல். நாட்டுக்கும் விடுதலை, கைதிக்கும் விடுதலை, வழக்கிலிருந்தும் விடுதலை. ஜாமீனில் வந்தாலும் ‘ஜாமீனில் விடுதலை’ என்றுதான் பேப்பரில் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டால் ஆளின் கதையே மாறிப்போகும்.

‘ரிலீஸ்டு’ என்பது உடம்பு சம்பந்தப்பட்டது. ஆள் உள்ளே இருந்தார், இப்போது வெளியே இருக்கிறார், அவ்வளவுதான். குற்றம் செய்தாரா இல்லையா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஜாமீனில் வந்தவர் ‘ரிலீஸ்டு ஆன் பெயில்’. தண்டனைக் காலம் முடிந்து வந்தவரும் ‘ரிலீஸ்டு’தான்.

இதற்கு வேலூருக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனை 2022 மே 18 அன்றும், மற்ற ஆறு பேரை அதே வருஷம் நவம்பர் 11 அன்றும் விடுவிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களில் சிலர் பல வருஷங்கள் இந்த ஊர்ச் சிறைகளில் இருந்தவர்கள். தமிழில் எல்லா இடத்திலும் விடுதலை என்ற ஒரே சொல்தான் வந்தது. அங்கே நடந்தது முன்கூட்டிய விடுதலை. ‘குற்றவாளி’ என்ற பழைய தீர்ப்பு ரத்தாகவில்லை. அதனால் ஆங்கிலத்தில் ‘ரிலீஸ்டு’ என்பதுதான் சரி, ‘அக்விட்டட்’ என்று எழுதினால் தப்பு. என் குடியாத்தம் பையனுக்கு இது நேர் தலைகீழ். அவனுக்கு ‘அக்விட்டட்’ சரி, ‘ரிலீஸ்டு’ தப்பு.

‘அக்விட்டட்’ என்றால் விசாரணை நடந்து, நீதிமன்றம் குற்றவாளி இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று பொருள். கடனைத் தீர்த்துக் கணக்கை முடிப்பது என்ற பொருளிலிருந்து வந்த சொல் இது. அரசு அலுவலகங்களில் சம்பளம் வாங்கினதற்குக் கையெழுத்துப் போடும் ‘அக்விட்டன்ஸ் ரோல்’ தெரியும்தானே, இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுப்பது போல, உன் மேல் வழக்குப் பாக்கி இல்லை என்று நீதிமன்றம் எழுதிக் கொடுக்கிறது. எழுத்துப் பிழை இந்தச் சொல்லில் அதிகம் வரும். ஏ, சி, க்யூ, யூ, ஐ, டி, டி, ஈ, டி. ‘சி’யும் வேண்டும் ‘க்யூ’வும் வேண்டும், நடுவில் ‘டி’ இரண்டு.

அடுத்து ‘டிஸ்சார்ஜ்ட்’. வேலூர்க்காரர்களுக்கு டிஸ்சார்ஜ் என்றால் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். நீதிமன்றத்தில் அது வேறு. குற்றச்சாட்டு வனைவதற்கு, அதாவது இன்ன குற்றம் என்று நீதிமன்றம் முறைப்படி எழுதுவதற்கு முன்பே, ‘இந்தக் காகிதங்களை வைத்து இவர் மேல் வழக்கு நடத்த முகாந்திரம் இல்லை’ என்று விடுவிப்பது அது. விசாரணையே நடக்கவில்லை என்பதால், டிஸ்சார்ஜ் என்பது அக்விட்டல் ஆகாது என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. பழைய 300ஆம் பிரிவில் இருந்த அந்த விளக்கம் இப்போது 337ல் இருக்கிறது. இதன் விளைவு என்ன? அக்விட்டட் ஆனவரை, அந்தத் தீர்ப்பு நிற்கும்வரை, அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே கௌரவமாகத் தெரிகிறதே என்று டிஸ்சார்ஜ் ஆனவருக்கு அக்விட்டட் என்று எழுதக் கூடாது.

உயர் நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கையையோ குற்றப்பத்திரிகையையோ ரத்து செய்திருந்தால் ‘க்வாஷ்ட்’. ரத்தானது வழக்குதான், ஆள் அல்ல. எனவே வாக்கியத்தின் எழுவாய் வழக்காக இருக்க வேண்டும்: ‘த ப்ரொசீடிங்ஸ் அகெய்ன்ஸ்ட் ஹிம் வேர் க்வாஷ்ட்’. காவல் நிலையத்திலேயே ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று முடித்திருந்தால் ‘ஃபர்தர் ஆக்‌ஷன் வாஸ் ட்ராப்ட்’.

மக்கள் நீதிமன்றத்திலோ வேறு வகையிலோ சமரசமாகிப் போன வழக்குகள் நம் பக்கம் ஏராளம். சட்டம் அனுமதிக்கும் குற்றங்களில் சமரசம் பதிவானால் அதற்கு விடுதலையின் பலன் உண்டு, பழைய 320, புதிய 359. ‘த அஃபென்ஸ் வாஸ் காம்பவுண்டட் அண்ட் த அக்யூஸ்ட் வாஸ் அக்விட்டட்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். சமரசத்தை மறைத்துவிட்டு அக்விட்டட் என்று மட்டும் எழுதினால் யாராவது தீர்ப்பைப் படிக்கும்போது சந்தேகப்படுவார்கள்.

அபராதம் கட்டி முடித்த வழக்கு

இது தனிப் படி அல்ல, ஆனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ‘அது சும்மா பெட்டி கேஸ் சார், ஃபைன் கட்டி முடிச்சிட்டேன், விடுதலைதான்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால் அது விடுதலை அல்ல. ‘ப்ளீடட் கில்ட்டி’, ‘கன்விக்டட் அண்ட் ஃபைண்ட்’. ஐந்நூறு ரூபாய் அபராதமாக இருந்தாலும் கணக்கில் அது தண்டனைதான். இதை அப்படியே எழுதினால் பெரும்பாலும் பெரிய பாதகம் வராது. மறைத்து எழுதினால்தான் வரும்.

படி 3: தீர்ப்பு வராத வழக்கு என்றால்

இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, ஆளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொல். போலீஸ் சந்தேகப்பட்டால் ‘சஸ்பெக்ட்’. வழக்கில் பெயர் சேர்ந்துவிட்டால் ‘அக்யூஸ்ட்’. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த பிறகுதான் ‘கன்விக்ட்’. முதல் இரண்டு கட்டங்களிலும் அவர் சட்டத்தின் பார்வையில் குற்றமற்றவர்தான், ‘ப்ரிஸ்யூம்ட் இன்னொசென்ட்’.

‘அரெஸ்டட் ஃபார் ஸ்டீலிங் எ பைக்’ என்று எழுதினால் அவர் பைக்கைத் திருடியது உறுதி என்கிற தொனி வந்துவிடுகிறது. ‘அரெஸ்டட் ஆன் எ சார்ஜ் ஆஃப் தெஃப்ட்’ அல்லது ‘அரெஸ்டட் இன் கனெக்‌ஷன் வித் எ தெஃப்ட்’ என்று எழுதுங்கள். ‘அலெஜ்ட்’, அதாவது ‘செய்ததாகச் சொல்லப்படும்’ என்ற சொல்லையும் சரியான இடத்தில் போட வேண்டும். பைக் காணாமல் போனது உண்மை என்றால் திருட்டுக்கு அலெஜ்ட் போடத் தேவையில்லை, இவர்தான் எடுத்தார் என்பதற்குத்தான் போட வேண்டும். ‘அக்யூஸ்ட்’ போட்ட இடத்தில் மறுபடியும் ‘அலெஜ்ட்’ சேர்த்து ‘அலெஜ்ட் அக்யூஸ்ட்’ என்று எழுதுகிறார்கள். அவர் மேல் குற்றம் சாட்டியிருப்பது உண்மைதானே, அதில் சந்தேகம் எங்கே இருக்கிறது? ஒன்று போதும்.

‘கல்ப்ரிட்’ என்பதை அறவே தவிர்க்கச் சொல்வேன். நம் ஆங்கிலச் செய்திகளில் தாராளமாகப் புழங்கும் சொல் இது. இதன் பிறப்பு விசித்திரமானது. இங்கிலாந்தின் பழைய நீதிமன்றங்களில் ஒருவர் ‘நாட் கில்ட்டி’ என்று சொன்னதும், எழுத்தர் ‘இவர் குற்றவாளிதான், நிரூபிக்கத் தயார்’ என்ற பொருளில் பிரெஞ்சில் ஒரு சுருக்கம் சொல்வார். அந்தச் சுருக்கத்திலிருந்து பிறந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 1678ல் நடந்த ஒரு கொலை வழக்கு விசாரணையில்தான் இச்சொல் முதலில் பதிவானது. ‘நான் குற்றவாளி இல்லை’ என்று சொன்னவரைக் கூப்பிட்ட சொல், இன்று குற்றவாளி என்ற பொருளிலேயே நின்றுவிட்டது.

தமிழிலும் நமக்கு ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கைதான மறுநாளே பல செய்திகளில் ‘அவர்’ போய் ‘அவன்’ வந்துவிடுகிறது. நேற்றுவரை ‘வந்தார்’, இன்று ‘ஒப்புக்கொண்டான்’. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘ஹி’தான், அதனால் ஆங்கிலத்தில் மாற்றும்போது இந்த அவமானம் தானாகவே உதிர்ந்துபோகும். அங்கிருந்து மறுபடி தமிழாக்கும் வேலை வந்தால், நான் ‘அவர்’ என்றுதான் போடுவேன்.

வயது பதினெட்டுக்குக் கீழ் என்றால் ‘அக்யூஸ்ட்’டும் வேண்டாம். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் ‘சைல்ட் இன் கான்ஃப்ளிக்ட் வித் லா’ என்ற தொடரைத்தான் வைத்திருக்கிறது.

படி 4: ‘நாட் கில்ட்டி’யா, ‘இன்னொசென்ட்’டா?

இதுதான் இந்த விஷயத்தின் நடு முடிச்சு. நிதானமாகப் படியுங்கள்.

நீதிமன்றம் விசாரிப்பது ஒரே ஒரு கேள்வியைத்தான்: அரசுத் தரப்பு குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்ததா, இல்லையா? நிரூபிக்கவில்லை என்றால் ‘நாட் கில்ட்டி’. தான் குற்றமற்றவர் என்று எதிரி நிரூபிக்க வேண்டிய அவசியமே கிடையாது. சில தனிச் சட்டங்களில் விதிவிலக்கு உண்டு, பொது விதி இதுதான். இங்கிலாந்தில் 1935ல் வூல்மிங்டன் வழக்கில், ஆங்கிலேயக் குற்றவியல் சட்டம் முழுக்க ஓடும் பொன்னிழை என்று இதைச் சொன்னார்கள். நம் நீதிமன்றங்களும் அதே வழியில்தான் நடக்கின்றன. ஆகவே தீர்ப்பைப் பற்றி எழுதும்போது ‘ஃபவுண்ட் நாட் கில்ட்டி’ அல்லது ‘அக்விட்டட்’. ‘ஃபவுண்ட் இன்னொசென்ட்’ என்று எழுதினால் நீதிமன்றம் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும்.

வாக்குமூலமும் அப்படித்தான். ‘குற்றத்தை மறுத்தார்’ என்பது ‘ப்ளீடட் நாட் கில்ட்டி’. அமெரிக்கப் பத்திரிகைகளில் ‘ப்ளீடட் இன்னொசென்ட்’ என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் ஒரு அச்சுக்கூடப் பயம் இருந்தது. அச்சில் ‘நாட்’ விழுந்துபோனால் பொருள் தலைகீழாகிவிடும் என்று அசோசியேட்டட் பிரஸ் நடைக் கையேடு பல காலம் ‘இன்னொசென்ட்’ போடச் சொன்னது. அவர்கள் பயம் நியாயமானதுதான். நானும் ஒவ்வொரு பக்கத்தையும் ‘நாட்’ இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் நீதிமன்ற ஆவணத்தில் அவர்கள் வழக்கம் செல்லாது.

ஸ்காட்லாந்தில் மூன்றாவதாக ஒரு தீர்ப்பும் நெடுங்காலம் இருந்தது. ‘நாட் ப்ரூவன்’, அதாவது நிரூபிக்கப்படவில்லை. விளைவு விடுதலைதான், ஆனால் ஊர் வாய்க்கு அது பாதிப் பழி. அதை நீக்க 2025ல் அங்கே சட்டம் நிறைவேறியது. நம் ஊரில் அப்படி ஒரு தீர்ப்பு கிடையாது. ஆகவே ‘நாட் ப்ரூவன்’ என்ற தொடரைத் தீர்ப்பின் பெயராக எழுதாதீர்கள். ‘த ப்ராசிக்யூஷன் ஃபெய்ல்ட் டு ப்ரூவ் இட்ஸ் கேஸ்’ என்று எழுதலாம்.

அப்படியானால் ‘இன்னொசென்ட்’ எங்கேதான் வரும்? நீங்களே சொந்தமாகச் சொல்லும் இடத்தில் வரும். ‘நான் அந்தத் தப்பைச் செய்யவில்லை’ என்பது ‘ஐ ஆம் இன்னொசென்ட்’. தீர்ப்பு வேறு, மனுஷனின் உண்மை வேறு. செய்யாதவன் ‘கன்விக்டட்’ ஆகியிருக்கலாம், அப்போதும் அவன் ‘இன்னொசென்ட்’தான். தாய் தன் மகனைப் பற்றி இந்தச் சொல்லைத் தயங்காமல் எழுதலாம், நீதிமன்றத்தின் வாயில் மட்டும் அதைத் திணிக்கக் கூடாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் பேச்சில் ‘இன்னொசென்ட்’ என்றால் வெகுளி, அப்பாவி. ‘ரொம்ப இன்னொசென்ட் பையன்ப்பா, சூது வாது தெரியாது’ என்கிறோம். அது தப்பான ஆங்கிலம் இல்லை, அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு. தீங்கு செய்யாத என்பதுதான் அதன் லத்தீன் வேர். ஆனால் நன்னடத்தைச் சான்றில் ஒரு தலைமையாசிரியர் ‘ஹி இஸ் அன் இன்னொசென்ட் பாய்’ என்று எழுதிக் கொடுத்தால், படிக்கிற வெளிநாட்டுக்காரர் ‘ஏதோ வழக்கு இருந்திருக்கிறது போல’ என்று நினைக்க இடமுண்டு. வெகுளித்தனத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ‘சிம்பிள் அண்ட் ஹானஸ்ட்’ என்று எழுதிவிடுங்கள், அது போதும்.

படி 5: ‘சந்தேகத்தின் பலன்’ என்ற வரி

தீர்ப்பில் ‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து’ என்று இருந்தால் அதை விழுங்கக் கூடாது. ‘பை கிவிங் த பெனிஃபிட் ஆஃப் டவுட் டு த அக்யூஸ்ட்’ என்று அப்படியே வர வேண்டும். மொழிபெயர்ப்பாளன் தீர்ப்பைக் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. ‘அதை மட்டும் எடுத்துடுங்க அண்ணே’ என்று கெஞ்சியவர்கள் உண்டு. மனசு கஷ்டப்படும், ஆனாலும் எடுக்க மாட்டேன்.

அவர்கள் கெஞ்சுவதில் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காவலர் வேலைக்கான பணி விதிகளில், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால், அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. அதனால்தான் ‘ஹானரபிள் அக்விட்டல்’, அதாவது கௌரவமான விடுதலை என்ற தொடருக்கு இவ்வளவு கிராக்கி. ஆனால் 2012ல் ஒரு தமிழ்நாட்டுக் காவலரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கௌரவமான விடுதலை என்ற சொற்கள் தண்டனைச் சட்டத்திலும் இல்லை, விசாரணை முறைச் சட்டத்திலும் இல்லை, தீர்ப்புகளில் உருவானவை. சாட்சியங்களை முழுக்க ஆராய்ந்து, அரசுத் தரப்பு அடியோடு தோற்றுவிட்டது என்று நீதிமன்றம் கண்டால் அதைக் கௌரவமான விடுதலை எனலாம் என்றும் சொன்னது. ஆகவே தீர்ப்பில் அந்தத் தொடர் இல்லாவிட்டால் நீங்களாகச் சேர்க்காதீர்கள். சாட்சியம் எப்படித் தோற்றது என்று தீர்ப்பு சொல்லும் பத்தியைச் சேர்த்து மொழிபெயர்த்து இணையுங்கள். அது ‘ஹானரபிள்’ என்ற ஒரு சொல்லைவிட அதிகம் பேசும்.

சந்தேகத்தின் பலனில் வந்தவர்கள் தலை குனிய வேண்டியதில்லை என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2007ல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம், விடுதலையானவருக்கு இரட்டை அனுமானம் இருக்கிறது என்றது. யாராக இருந்தாலும் குற்றமற்றவர் என்று சட்டம் கருதுவது ஒன்று, விடுதலைத் தீர்ப்பால் அது இன்னும் உறுதியாவது இரண்டு. ஆகவே உங்கள் விளக்கக் கடிதத்தில் ‘த ப்ரிசம்ப்ஷன் ஆஃப் இன்னொசென்ஸ் ஸ்டாண்ட்ஸ் ரீஇன்ஃபோர்ஸ்ட் பை மை அக்விட்டல்’ என்று தைரியமாக ஒரு வரி சேர்க்கலாம்.

‘எக்ஸானரேட்டட்’ என்ற சொல்லையும் கேட்டு வருகிறார்கள். மண்டித் தெருவில் தலைச்சுமையை இறக்கி வைப்பது போல, பழிச் சுமையை முழுசாக இறக்குவது என்பது அதன் வேர்ப்பொருள். துறை விசாரணையில் குற்றச்சாட்டே பொய் என்று முடிவானால், அல்லது தண்டனை பெற்றவர் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்று பிறகு தெரியவந்தால் பொருந்தும். சாதாரண விடுதலைக்கு அது அதிகம். ‘க்ளியர்ட்’ என்பது பத்திரிகைச் சொல், செய்திக்குச் சரி, பிரமாண வாக்குமூலத்துக்கு வேண்டாம்.

படி 6: ஒட்டுச் சொற்கள்

‘கில்ட்டி’, ‘இன்னொசென்ட்’, ‘அக்விட்டட்’, ‘அக்யூஸ்ட்’, ‘கன்விக்டட்’, ‘க்ளியர்ட்’ எல்லாவற்றுக்கும் பின்னால் ‘ஆஃப்’. ‘சார்ஜ்ட்’ ஒன்றுக்கு மட்டும் ‘வித்’. இதை மனப்பாடம் செய்துவிட்டால் பெரும்பாலான பிழைகள் போய்விடும். ‘அக்யூஸ்ட் ஃபார் தெஃப்ட்’, ‘சார்ஜ்ட் ஃபார் தெஃப்ட்’ இரண்டும் தப்பு. ‘அக்விட்டட் ஃப்ரம் த கேஸ்’ என்பது தமிழில் ‘வழக்கிலிருந்து’ என்று யோசித்து எழுதுவது. ‘அக்விட்டட் ஆஃப் த சார்ஜ்’ என்றோ ‘அக்விட்டட் ஆன் ஆல் கவுண்ட்ஸ்’ என்றோ இருக்கட்டும். ‘டிஸ்சார்ஜ்ட் ஃப்ரம் த கேஸ்’ என்பதில் மட்டும் ‘ஃப்ரம்’ பரவாயில்லை.

‘ஹி அக்விட்டட் இன் த கேஸ்’ என்று ‘வாஸ்’ இல்லாமல் எழுதினால், இவர் யாரையோ விடுதலை செய்த நீதிபதி ஆகிவிடுவார். அப்புறம் ‘கேஸ் டிஸ்மிஸ் ஆயிடுச்சு’. புகார் தள்ளுபடியாகியிருந்தால் மட்டுமே ‘டிஸ்மிஸ்ட்’, முழு விசாரணை நடந்து வந்த விடுதலைக்கு அது பொருந்தாது. ‘எஸ்கேப்ட் ஃப்ரம் த கேஸ்’ என்று ஒரு தம்பி எழுதி வந்தான். தப்பித்தேன் என்று தமிழில் நிம்மதியாகச் சொன்னதுதான், ஆங்கிலத்தில் ஓடிப்போனவன் என்றாகிவிட்டது.

படி 7: படிவத்தில் கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்

‘கன்விக்டட்’ ஆனதுண்டா என்று மட்டும் கேட்டால், அக்விட்டட் ஆனவர் ‘நோ’ என்று எழுதலாம், அது உண்மை. ‘அரெஸ்டட் ஆர் கன்விக்டட்’ என்று கேட்டால், பதினோரு நாள் உள்ளே இருந்த அந்தப் பையன் ‘எஸ்’ என்றுதான் எழுத வேண்டும், பிறகு நடந்ததை விளக்க வேண்டும். அமெரிக்க விசாவுக்கான டி.எஸ். 160 படிவம் இப்படித்தான் கைதையும் தண்டனையையும் ஒன்றாகக் கேட்கிறது. ‘பெண்டிங்’ வழக்கு உண்டா என்ற கேள்விக்கு, முடிந்துபோன வழக்கு வராது. ஆனால் அரசு மேல்முறையீடு செய்திருந்தால் வரும், ஆகவே அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் விடுதலையான வழக்கையும் கேட்பார்கள், மறைக்க வேண்டாம். 2016ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், படிவத்தில் தருகிற தகவல் உண்மையாக இருக்க வேண்டும், கேட்டதை மறைப்பதே தனிப் பிரச்சினை என்றது. வழக்கைவிட மறைத்ததுதான் வேலையைப் பறித்தது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 8: நான் எழுதிக் கொடுக்கும் மாதிரி

விளக்கக் கடிதம் நாலு வரிக்கு மேல் போக வேண்டாம். அந்தப் பையனுக்கு இரண்டாம் முறை எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இதுதான்:

‘ஐ வாஸ் ஒன் ஆஃப் த அக்யூஸ்ட் இன் எ க்ரிமினல் கேஸ். ஐ ப்ளீடட் நாட் கில்ட்டி. ஆஃப்டர் எ ஃபுல் ட்ரயல், த கோர்ட் ஃபவுண்ட் மீ நாட் கில்ட்டி அண்ட் அக்விட்டட் மீ ஆஃப் ஆல் சார்ஜஸ். ஐ ஹேவ் நெவர் பீன் கன்விக்டட் ஆஃப் எனி அஃபென்ஸ்.’

வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், தீர்ப்புத் தேதி மூன்றையும் மேலே போடுங்கள். கடைசி வரி உங்கள் விஷயத்தில் உண்மையாக இருந்தால் மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். கீழே சான்றிட்ட நகலும் மொழிபெயர்ப்பும் இணைப்பு. மொழிபெயர்ப்பில் பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தீர்ப்பில் தமிழில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் வேறு மாதிரியும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நகல் மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய வழக்குக் கட்டுகளை நீதிமன்றங்கள் காலக்கெடு முடிந்ததும் அழித்துவிடும். தீர்ப்பு வந்த வாரத்திலேயே மனுப் போட்டு இரண்டு நகல் வாங்கி, ஒன்றை வீட்டுப் பெட்டியில் கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.